விண்மீன் தெரிகிறது; வேலையாள் தெரியவில்லையா?



வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் சென்று, அங்கிருந்து மலைப்பாதையிலே ஏறினால் வந்திடும் சிற்றூர், காவலூர். ஜவ்வாது மலையிலே, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்திலே, காடு சூழ அமைந்த இடம். ஊர் சிறிது, புகழோ பெரிது! வானத்தை ஆராய்ந்திடும் கூடம் அங்கேதான் இருக்கிறது. 1968-ஆம் ஆண்டு, 38 செண்டிமீட்டர் அகலமுள்ள சிறு தொலைநோக்கி ஒன்றுடன் துவங்கிய பணி அது. யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்ற உண்மை 1977-இல் உலகுக்கு வெளிப்பட்டபோது, அதற்குச் சான்று தந்த இடங்களிலே காவலூரும் ஒன்று. 1986 ஜனவரியில், வைணு பாப்பு எனும் அறிஞரின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே நாட்டப்பட்டது. 1988-இல் சிறுகோள் ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்குக் கணித மேதை இராமானுசத்தின் பெயரையும் சூட்டினர். ராகுவும் கேதுவும் விழுங்குகின்றன என்றஞ்சிக் கிரகணத்தன்று அடுப்பை அணைத்திடும் நாட்டிலே, "அஞ்சாதே, அளந்து பார்!" என்று கூறிடும் அறிவாலயம் அது. பகுத்தறிவாளன் பெருமிதம் கொள்ளத்தக்க இடம்.

ஆனால், அந்த மலையிலே நின்றுகொண்டு ஒரு கேள்வி கேட்கிறோம். பலகோடி மைலுக்கு அப்பால் உள்ள மீனின் ஒளியைத் தேடிப் பிடிக்க முடிந்தது நம்மால். அதே மலையின் சரிவிலே பிறந்து, பிழைப்புத் தேடி நகரம் சென்று, அங்கே எச்சில் இலை எடுத்து, ஏவல் கேட்டு, தொற்றுநோய்க் காலத்திலே துரத்தப்பட்டு, துவண்ட உள்ளத்துடன் திரும்பி வந்த இளைஞனை, அவன் முகத்தை, அந்த முகத்துக்குப் பின்னே கனன்ற துயரத்தைக் கண்டோமா? கண்ணெதிரே இருந்தானே! கருவி எதுவும் தேவையில்லையே! மனிதனை மனிதனாகப் பார்க்கும் மனம் ஒன்று போதுமே! அது இருந்ததா?

ஜவ்வாது மலை மக்களிலே மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். சாமை விதைப்பர், மழை பெய்தால் உண்பர், பொய்த்தால் மலையிறங்குவர். கேரளத் தோட்டங்களுக்கும் கர்நாடகக் காபிக் காடுகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் குடும்பம் குடும்பமாகச் செல்வர். கொடியோர் சிலர் காட்டிய ஆசைக்கு இரையாகிச் செம்மரம் வெட்டச் சென்றோரும் உண்டு. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள், ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டிலே தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனரே, நினைவிருக்கிறதா? அவர்களுள் இந்த மலையின் மைந்தரும் இருந்தனர்.

இத்தகைய மலையிலே, "மகனே, காட்டுக்குப் போகாதே, ஓட்டலுக்குப் போ. கூலி கொஞ்சமானாலும் மூன்று வேளைச் சோறு நிச்சயம்" என்று ஒரு தாய் கூறுவதாக எண்ணிப் பாருங்கள். மகன் செல்கிறான். அவனுக்குப் பெயர் எதற்கு? ஒருவனா இருவனா, பெயர் சொல்ல! சென்னையிலும் பெங்களூரிலும், ஆம்பூர் பிரியாணிக் கடைகளிலும், ஏலகிரி மலை விடுதிகளிலும் இருக்கிறான் அவன். இலை எடுக்கிறான், மேசை துடைக்கிறான், பாத்திரம் கழுவுகிறான், சில ஆண்டுகள் கழிந்ததும் சப்ளையர் ஆகிறான், கைத்திறன் இருந்தால் பரோட்டாக் கல்லுக்கு முன்னே நிற்கிறான். விடியுமுன்னே எழுந்து, நள்ளிரவுக்குப் பின்னே படுக்கிறான். படுக்கை எங்கே? மாடியிலே தகரக் கொட்டகை. அல்லது அரிசி மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் இடையே உள்ள சந்து!

இந்தத் தொழிலின் அமைப்பை நன்கு கவனிக்க வேண்டுகிறோம். இதிலேதான் இருக்கிறது பின்னே விளைந்த கேட்டின் வேர். ஆலைத் தொழிலாளிக்கு ஆலை மூடினால் கூலி போகும்; குடிசை இருக்கும். அலுவலகத்தானுக்கு வேலை போனால் சம்பளம் போகும், அடுப்பு இருக்கும். விடுதித் தொழிலாளிக்கோ வேலை, உணவு, உறையுள் மூன்றும் ஒரே கூரையின்கீழே, ஒரே மனிதர் கையிலே. கடை மூடினால் கூலியும் இல்லை, சோறும் இல்லை, படுக்க இடமும் இல்லை. ஒரே ஒரு கதவைச் சாத்தினால் போதும், மூன்று உலகமும் அவனுக்கு மூடிப்போகும்!

அந்தக் கதவைச் சாத்தினர். எப்போது? 2020 மார்ச் 24-ஆம் நாள் இரவு 8 மணிக்கு நாட்டின் பிரதமர் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசினார். நள்ளிரவு 12 மணி முதல் நாடு முழுதும் ஊரடங்கு என்றார். இடையே இருந்தது நான்கு மணி நேரம்! நூற்று முப்பது கோடி மக்கள் வாழும் நாட்டை நான்கு மணி நேரத்திலே பூட்டினர். நோயைத் தடுக்க ஊரடங்கு தேவைதான் என்று வாதிடலாம். விஞ்ஞானத்தை மதிக்கும் நாம் தொற்றைத் தடுக்கும் முறையை எதிர்ப்போமல்லோம். நாம் கேட்பது வேறு. கடை மூடு என்று உத்தரவிட்டபோது, கடைக்குள்ளே உறங்குபவன் எங்கே உறங்குவான் என்று எண்ணினீர்களா? வெளியே வராதே என்றீர். வெளியேதான் அவன் வீடு என்பதை அறிந்தீர்களா?

ரயில் இல்லை, பஸ் இல்லை. மூட்டையைத் தலையிலே வைத்து நெடுஞ்சாலையிலே நடந்தனர் மக்கள். 2020 மே 8-ஆம் நாள், மராட்டியத்திலே அவுரங்காபாத் அருகே, நடந்து களைத்துத் தண்டவாளத்திலே உறங்கிவிட்ட தொழிலாளர் 16 பேர்மீது சரக்கு ரயில் ஏறிச் சென்றது. அதே ஆண்டு செப்டம்பரிலே, நாடாளுமன்றத்திலே கேட்டனர், ஊர் திரும்பும் வழியிலே மாண்ட தொழிலாளர் எத்தனை பேர் என்று. ஒரு கோடியே 4 இலட்சம் பேருக்குமேல் ஊர் திரும்பினர் என்று கணக்குக் காட்டத் தெரிந்த சர்க்கார், இறந்தோர் பற்றிய கணக்கு இல்லை என்று பதில் தந்தது. கணக்கிலே வராத பிணத்துக்கு இழப்பீடு ஏது? இழப்பீடே இல்லாதபோது, இறவாது எஞ்சியோரின் மனக்காயத்துக்கு மருந்து ஏது?

கூலி பற்றிய கதை இன்னும் விந்தையானது. ஊரடங்குக் காலத்துக்கு முழுச் சம்பளம் தரவேண்டும் என்று 2020 மார்ச் 29-இல் மத்திய உள்துறை ஆணையிட்டது. "ஆகா, ஏழைக்கு நீதி!" என்று எண்ணினர் பலர். மே மாத நடுவிலே அந்த ஆணை சத்தமின்றித் திரும்பப் பெறப்பட்டது. முதலாளிமார் உச்சநீதிமன்றம் சென்றனர். ஜூன் 12-இல் மன்றம் கூறியது: சம்பளம் தராத முதலாளிமீது கட்டாய நடவடிக்கை எடுக்க வேண்டாம், இரு தரப்பாரும் பேசித் தீர்த்துக்கொள்க! யாரும் யாரும் பேசுவது? கல்லாப்பெட்டியும் கரித்துணியுமா? சொந்த ஊருக்கு வந்துவிட்ட இலை எடுக்கும் பையன், தொலைபேசியிலே "அண்ணே, பாக்கிச் சம்பளம்..." என்று இழுப்பதும், மறுமுனையிலே அழைப்புத் துண்டிக்கப்படுவதுமாகத்தான் நடந்திருக்கும் அந்தப் பேச்சுவார்த்தை!

தமிழ்நாட்டிலே இன்னொரு வேடிக்கை நடந்தது. வேதனையான வேடிக்கை! உணவு விடுதியிலே அமர்ந்து உண்ணலாம் என்று அனுமதி வந்தது 2020 ஜூன் 8-இல்தான். அதுவும் பாதி இருக்கைக்கு மட்டும். அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே, மே 7-இல், சென்னை நீங்கலாக மற்ற இடங்களிலே மதுக்கடையைத் திறந்தனர்! இட்டிலி உண்பதால் பரவும் தொற்று, மதுவால் பரவாது போலும்! வேலை இழந்து, விழி பிதுங்கி, உறக்கம் வராது உழன்றவனுக்கு அரசு முதலில் திறந்துவிட்ட ஆறுதல் நிலையம் எது என்பதைக் காலம் குறித்து வைத்திருக்கிறது.

*

இனி, உள்ளத்தின் கதைக்கு வருவோம்.

"வயிற்றுக்கே இல்லாதவனுக்கு மனநலமாவது மண்ணாங்கட்டியாவது! அதெல்லாம் வசதி படைத்தோரின் வாடிக்கை நோய்" என்று கூறுவோர் உளர். எதிரிகள் மட்டுமல்ல, நமது நண்பர்களிலேயே சிலர் கூறுகின்றனர்: "முதலில் சோறு, பிறகு மற்றது. சுரண்டலை ஒழித்தால் மனநோய் தானே ஒழியும்." இந்த வாதத்திலே பாதி உண்மை உண்டு; ஆகவேதான் இதனைப் பொறுமையுடன் ஆராய வேண்டும்.

அச்சம் என்பது உடலின் எச்சரிக்கை மணி. புலியைக் கண்டால் அந்த மணி அடிக்கும், நெஞ்சு படபடக்கும், தசை முறுக்கேறும், ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகும். புலி மறைந்தால் மணி ஓய்ந்துவிடும். இது இயற்கை தந்த காப்பு. புலி போகவே இல்லையென்றால்? காலையிலே வேலை இருக்குமா என்ற புலி, நண்பகலிலே நோய் தொற்றுமா என்ற புலி, மாலையிலே வட்டிக்காரன் என்ற புலி, இரவிலே ஊரிலுள்ள தாய் பிழைப்பாளா என்ற புலி. இப்படி மாதக்கணக்கிலே மணி ஓயாது அடித்தால் உறக்கம் கெடும், பசி கெடும், எரிச்சல் மிகும், எதிலும் நாட்டம் அற்றுப்போகும், "இருந்து என்ன பயன்?" என்ற எண்ணம் மெல்ல நுழையும். இது கோழைத்தனமல்ல, குணக்கேடல்ல, முன்வினைப் பயனுமல்ல. காய்ச்சலைப் போல, காமாலையைப் போல, காரணமும் சிகிச்சையும் உள்ள உடற்கேடு. தொற்றின் முதல் ஆண்டிலே மட்டும் உலகெங்கும் மனச்சோர்வும் பதற்றமும் ஏறத்தாழ 25 விழுக்காடு பெருகின என்று 2022 மார்ச்சில் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அப்படிப் பெருகிய நோய் பங்களாக்களிலே மட்டும் பெருகியதா?

விடுதித் தொழிலாளிக்கோ இதற்குமேல் ஒரு சுமை. அவன் விற்பது கையுழைப்பை மட்டுமல்ல, முகத்தையும் விற்கிறான்! "வாங்க சார், உட்காருங்க சார், சூடா என்ன சாப்பிடறீங்க சார்?" என்று சிரித்திடவேண்டும். ஆர்லி ஹோக்சில்ட் எனும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர், 1983-இல் வெளியிட்ட நூலிலே விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்து, உள்ளத்திலே உள்ளதை மறைத்து, உத்தரவிடப்பட்ட உணர்ச்சியை முகத்திலே வரவழைப்பதும் ஓர் உழைப்பே என்று நிறுவினார். அந்த உழைப்புக்கு நமது விடுதிகளிலே கூலி ஏது? ஊரிலே தந்தை மூச்சுத் திணறிக் கிடக்கும் செய்தி வந்த நாளிலும், சாம்பார் வாளியுடன் சிரித்துக்கொண்டே வரவேண்டும். முகக்கவசம் போடச் சொன்னால் வாடிக்கையாளர் சீறுவார். போடச் சொல்லாவிட்டால் முதலாளி சீறுவார். போடாதவர் விட்ட மூச்சையோ இவன் ஒருவனே இழுக்கவேண்டும்!

மூச்சு என்றோம், வெறும் பேச்சல்ல. கலிபோர்னியாவிலே, 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை உழைக்கும் வயதினரின் சாவுக் கணக்கை ஆய்ந்தனர் ஆராய்ச்சியாளர். எந்தத் தொழிலாருக்குச் சாவு மிக அதிகமாகப் பெருகியிருந்தது? மருத்துவருக்கா? காவலருக்கா? இல்லை! உணவு விடுதிகளின் அடுக்களையிலே நிற்கும் சமையற்காரருக்கு! வழக்கத்தைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு மிகுதி. காற்றோட்டமற்ற, நெருக்கமான, வெப்பம் மிகுந்த அடுக்களை, நோய்க் கிருமிக்கு விருந்து மண்டபமாயிற்று. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே இந்நிலை என்றால், புகைக்கூண்டும் இல்லாத நமது பின்கட்டுகளைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? சென்னையிலே, 2021 ஜனவரித் தொடக்கத்திலே, வானளாவிய நட்சத்திர விடுதி ஒன்றில் 85 பேருக்குத் தொற்று உறுதியானது என்ற செய்தி வந்தது. பளிங்குத் தரையும் பட்டுத் திரையும் இருந்த இடத்துக் கதை அது. தகரக் கொட்டகையிலே பத்துப் பேர் படுத்த இடங்களின் கதையை எந்த ஏடு எழுதிற்று?

மற்றொன்றும் நடந்தது. அயல்நாட்டிலிருந்து வந்தோரையும், நோயாளருடன் பணியாற்றிய மருத்துவரையும் செவிலியரையும் தனித்துத் தங்கவைக்க விடுதிகளையே பயன்படுத்தினர். நல்ல ஏற்பாடுதான். மருத்துவருக்குக் கைதட்டினோம், தட்டவேண்டியதே. அந்த அறையைப் பெருக்கியவன், படுக்கை விரிப்பை உருவி எடுத்தவன், கதவருகே உணவுத் தட்டை வைத்துவிட்டு ஓடியவன், அந்த ரூம் பாய்க்கு எவன் தட்டினான்?

தட்டு என்றதும் நினைவு வருகிறது. 2020 மார்ச் 22-இல் மாலை 5 மணிக்குத் தட்டைத் தட்டச் சொன்னார்கள். ஏப்ரல் 5-இல் இரவு 9 மணிக்கு, 9 நிமிடம் விளக்கேற்றச் சொன்னார்கள். நன்றி கூறும் அடையாளம் என்றனர். நாடெங்கும் செய்ததோ, சத்தத்தால் கிருமி சாகும், சுடரால் தொற்று எரியும் என்ற பிரசாரம்! 2021 மே மாதத்திலே, பெரியார் பிறந்த ஈரோட்டுக்கு அண்மையிலே உள்ள கோவையிலே, "கொரோனா தேவி" என்று சிலை செய்து பூசையும் நடத்தினர். இன்னொரு புறம், 2020 ஏப்ரல் 19-இல், தொற்றால் மாண்ட மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் அவர்களின் உடலைப் புதைக்கவிடாது சென்னையிலே கல்லெறிந்து விரட்டினர். மருத்துவர் உடலுக்கே அந்த மரியாதை என்றால், நகரிலிருந்து ஊர் திரும்பிய மேசை துடைக்கும் பையனுக்கு என்ன மரியாதை கிட்டியிருக்கும்? ஊர் எல்லையிலே முள்ளை வெட்டிப் போட்டுத் தடுத்த ஊர்கள் உண்டு. நகரம் "போ" என்றது. ஊர் "வராதே" என்றது. போகவும் இடமின்றி, வரவும் வழியின்றி நின்றவனின் உள்ளம் இரும்பாலா செய்யப்பட்டது?

கணக்குக் கேட்போருக்குக் கணக்கும் தருகிறோம். தேசியக் குற்றப் பதிவு ஆணையத்தின் ஏடு கூறுகிறது: தற்கொலையால் மாண்ட தினக்கூலித் தொழிலாளர் 2019-இல் 32,563 பேர், 2020-இல் 37,666 பேர், 2021-இல் 42,004 பேர். 2021-இல் நாட்டிலே தம்முயிரை மாய்த்துக்கொண்ட 1,64,033 பேரிலே, நாலில் ஒருவர் தினக்கூலி! எல்லாம் தொற்றின் விளைவே என்று நாம் கூறவில்லை. தற்கொலைக்குக் காரணம் ஒன்றல்ல, பல. விடுதித் தொழிலாளர் எத்தனை பேர் என்று தனித்துக் காட்டும் பட்டியலும் அந்த ஏட்டிலே இல்லை. ஆனால், "மனத்துயர் பணக்காரர் நோய்" என்று கூறியோர் இந்த எண்களின் முன்னே வந்து நின்று, அந்தச் சொல்லை மறுபடியும் கூறட்டும், பார்ப்போம்!

சுரண்டல் ஒழிந்தால் எல்லாம் ஒழியும் என்ற நண்பருக்கு ஒரு சொல். சுரண்டல் ஒழியட்டும், அதற்கே பாடுபடுகிறோம். கால் முறிந்து கிடப்பவனிடம், "சாலையைச் செப்பனிடும் இயக்கம் நடத்துகிறோம், அதுவரை பொறு" என்று கூறுவோமா? கட்டும் போடுவோம், சாலையையும் செப்பனிடுவோம். சோறின்றி மனம் தேறாது. மனம் தேறாதவன் சோற்றுக்காகப் போராடவும் மாட்டான். ஆளடிமைத்தனத்தின் அடிப்படையே, அடிமையின் நெஞ்சிலே "நான் எதற்கும் ஆகாதவன்" என்ற நினைப்பைப் பதிப்பதுதானே!

முதலாளிகள் கேட்கின்றனர்: "எங்களுக்கு மட்டும் வருமானமா வந்தது? நாங்களும் நொடித்தோமே!" உண்மை. பத்துக்குப் பத்து இடத்திலே டீக்கடை வைத்தவர், வாடகை கட்ட முடியாது, வட்டி கட்ட முடியாது, தொழிலாளியைவிட மோசமாக வாடியதும் உண்டு. அவரை நாம் பழிக்கவில்லை. உலகெங்கும் விடுதி, உணவுத் தொழிலிலே இருந்த ஏறத்தாழ 14 கோடிப் பேரின் பிழைப்பு ஆபத்திலே என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2020 ஏப்ரலிலேயே எச்சரித்ததே! ஆகவேதான் கூறுகிறோம்: தனித்தனி முதலாளியின் தயவிலே விடத்தக்க செயலல்ல இது, பேரிடர்க் கூலிக்கு நிதி வகுப்பது அரசின் கடமை. ஆனால், கிளைக்கு மேல் கிளை திறந்து கோடி குவித்த பெருவிடுதிகளும், டீக்கடைக்காரரின் கண்ணீரைக் கடன் வாங்கித் தம் கன்னத்திலே தடவிக்கொண்டு வருகின்றனவே, அந்தக் கண்ணீரை நம்ப நாம் ஆயத்தமாக இல்லை.

*

மனத்துயருக்கு நம் நாடு தந்துவந்த மருந்து யாது? பேய் என்பான் ஒருவன். செய்வினை என்பான் மற்றொருவன். வேப்பிலை, விபூதி, மந்திரித்த கயிறு, தாயத்து! 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாளை மறக்கலாமா? இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியிலே, தனியார் நடத்திய காப்பகம் ஒன்றிலே தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளர் ஓட முடியாது, 28 பேர் கருகி மாண்டனர். சங்கிலி எந்த மதத்தின் பெயரால் பூட்டப்பட்டாலும் சங்கிலிதான். நெருப்பு இன்ன மதத்தான் என்று பார்த்து எரிவதில்லை.

ஆனால், தோழர்களே, கயிறு கட்டிக்கொள்ளும் ஏழையைக் கண்டு எள்ளி நகையாடுவது பகுத்தறிவாகாது. மலைச் சிற்றூரிலிருந்து மனநல மருத்துவரைக் காண எவ்வளவு தூரம் செல்லவேண்டும், எத்தனை நாட்கூலி இழக்கவேண்டும்? பூசாரி பக்கத்திலே இருக்கிறான். மருத்துவர் தூரத்திலே இருக்கிறார். 2015-16-இல் பெங்களூர் நிம்கான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு கூறிற்று: வயது வந்தோரிலே நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் மனநலக் குறையுடன் உள்ளனர்; அவர்களிலே, நோய்க்கு நோய் வேறுபட்டு, 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறாதோர். மருத்துவம் எட்டாத இடத்திலேதான் மந்திரம் கொட்டமடிக்கும். மந்திரத்தை ஒழிக்கவேண்டுமா? மருத்துவத்தை மலையேற்றுங்கள்!

சட்டம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல மருத்துவம் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகத் தண்டிக்காதே, கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகக் கருதிச் சிகிச்சை அளி என்கிறது. உணவு விடுதித் தொழிலாளருக்கென்றே தனிச் சட்டம், வேலை நேரம், ஓய்வு, விடுமுறை பற்றியெல்லாம் பேசிடும் சட்டம், இந்த மாநிலத்திலே 1958-இலேயே பிறந்தது. கடைத் தொழிலாளி அமர்வதற்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இலே தமிழ்நாடு சட்டம் திருத்திற்று. எண்ணிப் பாருங்கள்: உட்காரும் உரிமைக்கே சட்டம் தேவைப்பட்ட நாடு இது! நாள் முழுதும் பிறரை "உட்காருங்கள்" என்று உபசரிப்பவனுக்கு, உட்கார உரிமையில்லை!

1957-இலே, திருவல்லிக்கேணியில் உணவு விடுதியின் பெயர்ப்பலகையிலிருந்த "பிராமணாள்" என்ற சொல்லை நீக்க மறியல் நடந்தது; சிறை சென்றனர் தோழர்கள்; பலகை மாறிற்று. முன்கட்டிலே சமமாக அமர்ந்து உண்ணும் உரிமை கிட்டிற்று. பின்கட்டு? அங்கே இலை எடுப்பவன் இன்றும் எந்தக் குடியிலே பிறந்தவன்? பெருக்குபவன் யார்? பாத்திரம் தேய்ப்பவள் யார்? முன்கட்டுப் போர் முடிந்தது. பின்கட்டுப் போர் இன்னும் துவங்கவே இல்லை. அதைத் துவக்கவேண்டியவர் யார்? இதைப் படித்திடும் நீங்கள்தான்!

என்ன செய்யவேண்டும்?

முதலாவது: கணக்கு. மலையிலிருந்து வேலைக்குச் செல்வோர் எங்கே, எந்த விடுதியிலே, என்ன கூலிக்கு இருக்கின்றனர் என்ற பதிவு ஊராட்சிதோறும் வேண்டும். அன்று இருந்த 1979-ஆம் ஆண்டுச் சட்டமும், மாநிலம் விட்டு மாநிலம் ஒப்பந்தக்காரர் மூலம் சென்றோரைப் பற்றி மட்டுமே பேசிற்று. ஜவ்வாது மலையிலிருந்து சென்னை சென்றவன் அதன் கண்ணிலே படவில்லை.

இரண்டாவது: பேரிடர் வந்தால் கடையை மூடும் ஆணையுடன் சேர்த்தே, தொழிலாளியின் உறைவிடத்துக்கும் உணவுக்கும் கூலிக்கும் உத்தரவாதம் தரவேண்டும். 2020-இல் தமிழ்நாட்டிலே குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாயும், 2021-இல் 4,000 ரூபாயும் தந்தனர், வரவேற்கிறோம். ஆனால் அட்டை மலையிலே இருந்தது. ஆளோ நகரிலே மாட்டிக்கொண்டான்!

மூன்றாவது: விடுதித் தொழிலாளியின் உறைவிடத்தையும் ஆய்வாளர் வந்து பார்க்கவேண்டும். சமையலறைச் சுத்தத்துக்குச் சான்றிதழ் கேட்கும் அரசு, சமைப்பவன் படுக்குமிடத்துக்கும் சான்றிதழ் கேட்கட்டும்.

நான்காவது: மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களிலே, குறித்த நாளிலே மனநல மருத்துவர் வரவேண்டும். 14416 என்ற எண்ணிலே, இரவும் பகலும், கட்டணமின்றி மனநல ஆலோசனை தரும் ஏற்பாடு 2022 அக்டோபர் முதல் இருக்கிறது. அந்த எண் எந்த விடுதியின் பின்கட்டுச் சுவரிலே எழுதப்பட்டிருக்கிறது? "கைகளைக் கழுவவும்" என்று எழுத இடமிருந்ததே, இதற்கு இடமில்லையா?

இவை அரசு செய்யவேண்டியவை. நாம் செய்யவேண்டியதும் உண்டு. நாளைக் காலை நீங்கள் சிற்றுண்டிக்குச் செல்வீர்கள். "ஏய், தண்ணி!" என்று கூவாதீர்கள். இலை எடுக்கும் தம்பியின் பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், கடைசியாக எப்போது ஊருக்குப் போனான் என்று கேளுங்கள். மன்றத்து நூலகத்துக்கு அழைத்து வாருங்கள். உறக்கமின்றித் தவிக்கிறான் எனில், "பைத்தியமா?" என்று சிரிக்கும் கூட்டத்தோடு சேராது, மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். 14416 என்ற எண்ணைச் சுவரொட்டியாக்கி, விடுதி உரிமையாளரிடம் அனுமதி பெற்று, பின்கட்டிலே ஒட்டுங்கள். அனுமதி மறுத்தால், ஏன் மறுக்கிறார் என்று ஊரறியக் கேளுங்கள். சங்கம் இல்லாத இடத்திலே சங்கம் காணுங்கள். தனியனாக நிற்பவனின் அச்சத்துக்குத் தலைசிறந்த மருந்துகளில் ஒன்று, "உன்னோடு நாங்கள் இருக்கிறோம்" என்ற ஒரு சொல்.

காவலூரின் தொலைநோக்கி மங்கிய ஒளியைத் தேடுவதற்காக அமைந்தது. பளிச்சென்று மின்னுவதைக் காண அதன் துணை தேவையில்லை. எவர் கண்ணுக்கும் புலப்படாது, எங்கோ இருளிலே, மெல்ல மினுக்கும் ஒளியைப் பொறுமையுடன் இரவெல்லாம் விழித்திருந்து திரட்டிக் காட்டுவதே அதன் தொழில். அந்த விழிப்பு நமக்கும் வேண்டும். மலைச் சரிவிலிருந்து நகரத்துப் பின்கட்டு வரை, மங்கிக்கொண்டிருக்கும் மனங்கள் பல. அவை அணையுமுன்னே காணவேண்டும். அடுத்த தொற்றுநோய் அறிவித்துவிட்டு வராது. நான்கு மணி நேரம்கூடத் தராது. இன்றே துவங்குவீர்!